பழைய கம்ப்யூட்டரில் ஃப்ளாப்பியும் ஜிப்பும்: கோளாறைப் பார்த்து வழி தேட

பரணிலிருந்து இறக்கிய 486 பிசி, பள்ளிக்கூடத்தில் கழித்துக் கட்டிய பிபிசி மைக்ரோ, மூடிப்போன டிடிபி கடையிலிருந்து வந்த ஜிப் டிரைவ் (100 எம்பி டிஸ்க் போடுகிற டிரைவ்). பெட்டி எதுவானாலும் டிஸ்க் படிக்கவில்லை என்றால் குற்றவாளி நாலே இடத்தில்தான் இருப்பான்: கரண்ட், கேபிள், டிரைவின் ஹெட், டிஸ்க். தேடுவதும் இந்த வரிசையிலேயே இருக்க வேண்டும். பலரும் தலைகீழாகத் தேடுகிறார்கள். "இந்த டிஸ்க்காவது ஓடுதா பாப்போம்" என்று கையில் இருக்கிற நல்ல டிஸ்க்கையெல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, கெட்டுப்போன டிரைவுக்கு எல்லாவற்றையும் தின்னக் கொடுத்துவிடுகிறார்கள். டிரைவ் போனால் ரிச்சி தெருவில் நாலு கடை ஏறி இறங்கினால் இன்னொன்று கிடைக்கலாம். தாத்தா 1996-ல் டைப் அடித்து வைத்த குடும்ப வரலாறு அந்த ஒரு டிஸ்க்கில் மட்டும்தான் இருக்கும்.

அதனால் முதலில் ஒரு பலியாடு வேண்டும். போனால் போகட்டும் என்று விடக்கூடிய இரண்டு டிஸ்க்கை நன்றாக ஓடுகிற வேறொரு டிரைவில் ஃபார்மேட் செய்து, நாலைந்து கோப்புகளை ஏற்றி, "சோதனை" என்று எழுதி ஒட்டி வையுங்கள். கீழே எங்கெல்லாம் "டிஸ்க் போட்டுப் பாருங்கள்" என்று வருகிறதோ அங்கெல்லாம் இந்த டிஸ்க்தான். கூடவே ஒரு மல்டிமீட்டர், 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால், நார் உதிராத பட்ஸ், ஒரு டார்ச். கொரோனா காலத்தில் வாங்கி மிச்சமிருக்கிற சானிட்டைசரை ஆல்கஹாலுக்குப் பதிலாக எடுக்காதீர்கள். அதில் தண்ணீரும் கிளிசரினும் இருக்கிறது, ஹெட்டில் பிசுபிசுவென்று படியும்.

எழுத்துத் தடையையும் முதலிலேயே போட்டுவிடுங்கள். 3.5 அங்குல டிஸ்க்கில் ஓட்டை திறந்திருந்தால் தடை. 5.25-ல் ஓரத்து வெட்டை டேப் போட்டு மூடினால் தடை. ஒன்றுக்கொன்று நேர் எதிர் என்பதால் இதில் ஏமாந்தவர்கள் நிறைய. 5.25-க்குக் கண்ணாடி போன்ற செல்லோ டேப் வேண்டாம். சில டிரைவ்கள் அந்த வெட்டை ஒளி விட்டுத்தான் பார்க்கும், ஒளி ஊடுருவாத டேப்பாக இருக்க வேண்டும்.

"ஸ்விட்ச் போட்டதிலிருந்து லைட்டு அணையவே மாட்டேங்குது"

ரிப்பன் கேபிள் திருப்பிச் சொருகியிருக்கிறது. பத்துக்கு ஒன்பது தடவை இதுதான்.

34 பின் கேபிளில் ஒற்றைப்படை பின்கள் எல்லாம் கிரவுண்டு. இரட்டைப்படை பின்களில்தான் சிக்னல். ஒவ்வொரு சிக்னலும் பூஜ்ய வோல்ட்டுக்கு இறங்கினால்தான் "வேலை செய்" என்று அர்த்தம். கேபிளைத் திருப்பினால் டிரைவின் சிக்னல் பின் ஒவ்வொன்றும் கிரவுண்டில் போய் உட்காரும். அப்போது டிரைவுக்குக் கேட்பது: உன்னைத்தான் கூப்பிடுகிறேன், மோட்டாரை ஓட்டு, எழுது. கடைசிச் சொல்லைக் கவனியுங்கள். எழுதும் கட்டளை வருகிற 24-ஆம் பின்னும் கிரவுண்டில்தான் இருக்கிறது. தடை போடாத டிஸ்க் உள்ளே இருந்தால் ஹெட் நிற்கிற டிராக் (தகவல் பதிகிற வட்டத் தடம்) அந்தச் சில நொடியில் அழிந்துவிடலாம். ஹெட் பெரும்பாலும் பூஜ்யம் டிராக்கில் நிற்கும், கோப்புப் பட்டியலும், எந்தக் கோப்பு எங்கே என்று சொல்லும் ஃபேட் அட்டவணையும் இருப்பதும் அங்கேதான். லைட் அணையவில்லை என்றால் "டிஸ்க் போட்டால் சரியாகுமோ" என்ற எண்ணமே வரக்கூடாது.

கேபிளில் சிவப்புக் கோடு போட்ட பக்கம் 1-ஆம் பின். டிரைவில் கன்னெக்டர் பக்கத்தில் 1, 2 அல்லது 34 என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள், டார்ச் அடித்துப் பாருங்கள். 5.25 டிரைவின் விளிம்புக் கன்னெக்டரில் ஒரு சின்ன வெட்டு இருக்கும், அந்த முனைதான் 1. "கரண்ட் பிளக் பக்கம்தான் சிவப்பு வரும்" என்று கடையில் சொல்வார்கள். அநேக டிரைவில் சரி, எல்லாவற்றிலும் இல்லை. நல்லவேளை, கேபிளைத் திருப்பிச் சொருகியதால் டிரைவ் பொதுவாகக் கெடாது. ஆஃப் செய்து சரியாக மாட்டினால் போதும்.

"ஒரு அசைவும் இல்ல"

மல்டிமீட்டரை எடுங்கள். கறுப்பு வயரில் கறுப்பு முனை, சிவப்பு வயரில் சிவப்பு முனை: 4.75-லிருந்து 5.25 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். மஞ்சள் வயரில் 12. பொதுவாக 3.5 அங்குல டிரைவுக்கு 5 வோல்ட் மட்டும் போதும். 5.25-ல் மோட்டார் ஓடுவது 12-ல். ஆகவே 5.25-ல் லைட் எரிந்து மோட்டார் சுற்றவில்லை என்றால் மஞ்சள் வயரைப் பாருங்கள்.

3.5 டிரைவின் குட்டி பிளக்கைச் சொருகும்போது இருட்டில் கையை விட்டுத் தடவிச் செய்யாதீர்கள். ஒரு பின் தள்ளி உட்கார்ந்தாலும் ஏதோ உட்கார்ந்த மாதிரிதான் இருக்கும். 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 12 வந்தால் டிரைவில் சிப் கருகும் வாசனை வரும், கதை முடிந்தது.

வெளியே வைக்கும் ஜிப் டிரைவுக்கு 5 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டர். நம் ஊரில் இது இரண்டு வழியில் சாகிறது. ஒன்று, சொந்தக்காரர் அமெரிக்காவிலிருந்து கொண்டு வந்த அடாப்டரில் உள்ளே வரும் மின்சாரம் 120 வோல்ட் என்று மட்டும் எழுதியிருக்கும். நம் 230-ல் சொருகிய உடனே புகையும். இரண்டு, அசல் அடாப்டர் தொலைந்து, மோடத்தின் 9 வோல்ட்டோ ரவுட்டரின் 12 வோல்ட்டோ அதே ஓட்டையில் கச்சிதமாகப் பொருந்தியிருக்கும். பொருந்துகிறது என்பதற்காகச் சொருகாதீர்கள். டிரைவின் அடியில் அச்சிட்டிருக்கிற வோல்ட்டையும் நடுப் பின் பாஸிட்டிவா நெகட்டிவா என்ற படத்தையும் பார்த்து, அடாப்டர் நுனியில் மீட்டர் வைத்து அளந்த பிறகு மாட்டுங்கள்.

கரண்ட் சரி, ஆனால் பூட் ஆகும்போது "ஃப்ளாப்பி டிஸ்க்ஸ் ஃபெயில்" என்று வந்தால் பயாஸில் (மதர்போர்டின் செட்டிங் பகுதி) டிரைவ் வகை மாறியிருக்கும். பழைய மதர்போர்டில் பட்டன் செல் தீர்ந்துபோனால் செட்டிங் எல்லாம் மறந்துவிடும். 2032 வகை செல் என்றால் தெருமுனைக் கடையிலேயே கிடைக்கும். 386, 486 போர்டுகள் சிலவற்றில் நீல நிற பேரல் பேட்டரியை ஈயம் வைத்துப் பொருத்தியிருப்பார்கள். அது கசிந்து பக்கத்துச் செம்புத் தடங்களைப் பச்சையாக அரித்திருந்தால் ஃப்ளாப்பியை விடுங்கள், முதலில் அதைக் கழற்றி எடுத்து போர்டைக் காப்பாற்றுங்கள்.

"ஏ-யைக் கூப்பிட்டா பி வருது" அல்லது எதுவும் வருவதில்லை

பிசி கேபிளில் 10 முதல் 16 வரையான வயர்கள் நடுவில் முறுக்கி இருக்கும். முறுக்குக்கு அப்பால் மாட்டுவது ஏ, இப்பால் மாட்டுவது பி. இந்த முறுக்கு இருப்பதால் பிசிக்கான டிரைவ் எல்லாமே "நான் இரண்டாவது டிரைவ்" என்ற ஒரே ஜம்பர் (இரண்டு பின்னை இணைக்கும் குட்டி மூடி) நிலையில் தயாராகி வரும். பின்னாளில் வந்த டிரைவ்களில் ஜம்பரே கிடையாது, நிலையாக அப்படித்தான்.

பிபிசி மைக்ரோ, அமிகா போன்றவற்றுக்கு முறுக்கு இல்லாத நேர் கேபிள். அதில் பிசி டிரைவை மாட்டினால் அது 0 எண்ணில் கிடைக்காது, 1-ல் கிடைக்கும். டிரைவ் செத்துவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் "ஸ்டார் டிரைவ் 1" என்று (ஸ்டார் என்பது * குறி) அடித்துப் பாருங்கள்.

"டிஸ்க்கை மாத்திட்டேன், பழைய டிஸ்க்கோட லிஸ்டே வருது"

இந்தப் பட்டியலில் மிக ஆபத்தானது இதுதான். பார்க்கச் சின்னக் குறை மாதிரி இருக்கும், அதனால்தான் ஆபத்து.

டிஸ்க்கை வெளியே எடுத்தால் டிரைவ் 34-ஆம் பின் வழியாகச் சொல்ல வேண்டும். அந்தத் தகவல் வராவிட்டால் பழைய டிஸ்க்தான் இன்னும் உள்ளே இருக்கிறது என்று டாஸ் (பழைய பிசியின் இயங்குதளம்) நம்பும். நினைவில் வைத்திருக்கிற பழைய பட்டியலைக் காட்டும். அப்போது நீங்கள் ஒரு கோப்பைச் சேமித்தால் பழைய டிஸ்க்கின் ஃபேட் அட்டவணையைப் புது டிஸ்க்கின் மேல் எழுதி வைத்துவிடும். புது டிஸ்க்கில் இருந்த கோப்புகளின் முகவரி மொத்தமும் போச்சு.

சோதிப்பது எளிது. ஒரு சோதனை டிஸ்க்கைப் போட்டு டிர் (கோப்புப் பட்டியல் கேட்கும் கட்டளை) அடியுங்கள். அதை எடுத்து, வேறு கோப்புகள் உள்ள இரண்டாவது சோதனை டிஸ்க்கைப் போட்டு மறுபடி டிர். பட்டியல் மாறவில்லை என்றால் நோய் இருக்கிறது. டாஸ் வரியில் கண்ட்ரோலும் சியும் சேர்த்து அழுத்தினால் அந்த நேரத்துக்கு டாஸ் டிஸ்க்கைப் புதிதாகப் படிக்கும். இது முதலுதவி மட்டும். நிரந்தர வைத்தியம் மூன்றில் ஒன்று: ரிப்பனின் கடைசி வயர் அறுந்திருக்கிறது, கேபிளை மாற்றுங்கள். அல்லது டிரைவில் 34-ஆம் பின்னுக்கான ஜம்பர் "ரெடி" பக்கம் இருக்கிறது, "டிஸ்க் சேஞ்ச்" பக்கம் மாற்றுங்கள். அமிகாவிலிருந்து பிசிக்கு வந்த டிரைவில் இது சகஜம். அல்லது 360 கேபி டிரைவை மாட்டிவிட்டு பயாஸில் 1.2 எம்பி என்று வைத்திருக்கிறீர்கள். 360-க்கு இந்தத் தகவலைச் சொல்லவே தெரியாது.

"டேட்டா எரர்", "ஜெனரல் ஃபெயிலியர்", அல்லது படிக்கும்போது கீச்சென்று சத்தம்

கீச் சத்தம் கேட்டால் அடுத்த நொடியே வெளியே எடுங்கள். ஹெட் டிஸ்க்கின் காந்தப் பூச்சைச் சுரண்டுகிறது. "இன்னொரு தடவை ட்ரை பண்ணலாம்" என்று ரீட்ரை அழுத்துகிற ஒவ்வொரு தடவையும் ஒரு வட்டக் கீறல் ஆழமாகும்.

சென்னையில் படிக்காத டிஸ்க் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பூஞ்சை. ஐப்பசி, கார்த்திகை மழையில் பீரோவுக்குள் இருக்கிற தோல் செருப்பே வெள்ளை பூக்கிற ஊர் இது. இருபது மழைக்காலம் பார்த்த டிஸ்க்கை நேராக டிரைவில் போடாதீர்கள். 3.5 டிஸ்க்கின் உலோக ஷட்டரைக் கட்டைவிரலால் தள்ளித் திறந்து பிடித்துக்கொண்டு, அடியில் இருக்கிற வட்ட உலோகத்தை மெல்லச் சுழற்றுங்கள். டார்ச்சை நேராக அடிக்காமல் சாய்த்து அடியுங்கள். நல்ல பரப்பு கருப்புக் கண்ணாடி மாதிரி பளிச்சென்று ஓடும். பூஞ்சை இருந்தால் மூச்சு பட்ட கண்ணாடி மாதிரி மங்கிய திட்டுகளோ, சிலந்தி நூல் மாதிரி கிளை விட்ட வெள்ளைக் கோடுகளோ தெரியும். இரண்டு பக்கமும் பாருங்கள். அந்த டிஸ்க்கைப் போட்டால் அழுக்கு ஹெட்டில் அப்பி, அடுத்து போடுகிற நல்ல டிஸ்க்கையும் கீறும். கண் வலி பரவுகிற மாதிரிதான்.

சுத்தம் செய்ய, பட்ஸை ஆல்கஹாலில் நனைத்து, சொட்டாத அளவு பிழிந்து, திறந்த ஷட்டர் வழியாக டிஸ்க்கில் வைத்துச் சுழற்றுங்கள். அழுத்தவே கூடாது, பட்ஸின் எடை போதும். ஆனால் முதலில் உள்வட்டத்தில், நடு உலோகத்தை ஒட்டிய இடத்தில் தொட்டுப் பாருங்கள். அங்கே தகவல் எதுவும் பதிவதில்லை. வெளி ஓரத்தில் தொடங்கினால் பூஜ்யம் டிராக்கில் கை வைத்தது போலாகும். பட்ஸில் சாம்பல் நிற அழுக்கோ வெள்ளையோ வந்தால் நல்லது, தொடருங்கள். காபித்தூள் மாதிரிப் பழுப்பாக வந்தால் காந்தப் பூச்சே கழன்று வருகிறது. நிறுத்திவிடுங்கள். பட்ஸை மாற்றிக்கொண்டே இருங்கள், ஒரே பட்ஸை நாலு சுற்று ஓட்டினால் அழுக்கை இடம் மாற்றுகிறீர்கள், அவ்வளவுதான். முடிந்ததும் ஃபேன் காற்றில் அரை மணி நேரம் காயட்டும். வெயிலில் வேண்டாம், மொட்டை மாடி வெயிலில் டிஸ்க் அப்பளமாக வளைந்துவிடும்.

5.25 டிஸ்க் என்றால் உறையின் மேல் ஓரத்தைப் பிளேடால் கிழித்து உள்வட்டை எடுத்தே துடைக்கலாம். மோசமாகப் பூத்திருந்தால் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு அலசி, மறுபடி வெறும் தண்ணீரில் அலசி, நிழலில் காயவிடுங்கள். மெட்ரோ வாட்டரும் போர் தண்ணீரும் வேண்டாம், காய்ந்ததும் உப்பு படியும். காய்ந்த வட்டை இன்னொரு பழைய டிஸ்க்கின் சுத்தமான உறைக்குள் நுழைத்துப் படித்துவிடலாம். பக்கம் மாறிவிடாமல் எடுக்கும்போதே உள்வளையத்தில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஹெட். டிரைவின் மேல் தகட்டைக் கழற்றினால் ஹெட் இரண்டும் தெரியும், நடுவில் ஒரு கோடு போட்ட மாதிரி பளபளக்கும் சின்னச் சதுரம். ஆல்கஹால் பட்ஸால் கோட்டின் திசையில் மெல்லத் துடைத்து பத்து நிமிடம் காயவிடுங்கள். மேல் ஹெட்டைத் தூக்குவதில்தான் டிரைவ்கள் சாகின்றன. அது மெல்லிய உலோக இதழ் ஒன்றில் தொங்குகிறது. பட்ஸ் நுழைகிற அளவுக்கு மேல் தூக்கினால் இதழ் மடங்கிவிடும். அதன்பின் அந்த டிரைவ் டிஸ்க்கைப் படிக்காது, உழும்.

ஹெட் ஓடுகிற தண்டவாளத்தில் முப்பது வருஷத்து கிரீஸ் மெழுகாக இறுகியிருக்கும். முதல் டிராக்குகள் படித்து, உள்ளே போகப் போகப் பிழை வந்தால் இதைச் சந்தேகியுங்கள். பழையதைத் துடைத்தெடுத்து, லித்தியம் கிரீஸோ சிலிக்கான் கிரீஸோ ஊசி நுனி அளவு வையுங்கள். தையல் மெஷின் எண்ணெய் வேண்டாம், சூட்டில் ஓடி டிஸ்க் மேல் சொட்டும்.

ஏசி அறையிலிருந்து எடுத்த டிஸ்க்கை வெளியே புழுக்கத்தில் இருக்கிற மிஷினில் உடனே போடாதீர்கள். கூல்டிரிங்க்ஸ் பாட்டில் வியர்க்கிற மாதிரி டிஸ்க்கும் வியர்க்கும். உறையோடு ஒரு மணி நேரம் வெளியே வைத்துவிட்டுப் போடுங்கள். டிரைவ் பக்கத்தில் யூபிஎஸ்ஸும் ஸ்பீக்கரும் பெரிய பிக்சர் டியூப் மானிட்டரும் உட்கார்ந்திருந்தால் தள்ளி வைத்துவிட்டு ஒரு முறை படித்துப் பாருங்கள், வெறும் இடமாற்றத்திலேயே பிழை போய்விடுவதுண்டு.

எப்படியோ ஒரு தடவை படித்தது என்றால், அந்த வாய்ப்பைக் கோப்பு கோப்பாகத் திறந்து பார்ப்பதில் செலவழிக்காதீர்கள். முழு டிஸ்க்கையும் அப்படியே ஒரே கோப்பாக, அதாவது இமேஜாக எடுத்துவிடுங்கள். லினக்ஸில் யூஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவோடு டிடி-ரெஸ்க்யூ நிரல் நன்றாக வேலை செய்யும். யூஎஸ்பி டிரைவுக்கு 3.5 அங்குலத்தில் 1.44 எம்பியும் 720 கேபியும் மட்டும்தான் தெரியும். அமிகா, பிபிசி டிஸ்க்குகளுக்கும் 5.25-க்கும் கிரீஸ்வீசல் போர்டும் சாதாரண டிரைவும் வேண்டும். அது காந்தத் துடிப்புகளை அப்படியே பதிவு செய்வதால் டிஸ்க் எந்த ஊர் வடிவத்தில் இருந்தாலும் கவலையில்லை. 5.25-க்கு 12 வோல்ட் தனியாகக் கொடுக்க மறக்காதீர்கள்.

"இந்த மிஷின்ல படிக்குது, அந்த மிஷின்ல படிக்கல"

5.25 அங்குலத்தில் 360 கேபி டிரைவுக்கு 40 டிராக், 1.2 எம்பி டிரைவுக்கு 80. இரண்டாவதன் ஹெட் பாதி அகலம். அகலமான பிரஷ்ஷால் போட்ட கோட்டின் மேல் மெல்லிய பிரஷ்ஷால் வேறு நிறம் அடித்தால் ஓரத்தில் பழைய நிறம் தெரியுமல்லவா, அதே கதை. 360-ல் எழுதிய டிஸ்க்கை 1.2-ல் திருத்தினால் பழைய பதிவின் ஓரம் மிஞ்சும். 1.2-க்கு அது தெரியாது. 360 டிரைவ் இரண்டையும் சேர்த்துப் படித்துக் குழம்பும். வழி: எழுதுவதை 360 டிரைவிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வேறு வழியில்லை என்றால் டிஸ்க்கைப் பெரிய காந்தத்தால் முழுக்க அழித்துவிட்டு, 1.2-ல் 360 அளவுக்கு ஃபார்மேட் செய்து எழுதுங்கள். பழைய ஓரம் இல்லாததால் பெரும்பாலும் படிக்கும்.

1.44 டிஸ்க்கின் இரண்டாவது ஓட்டையை டேப்பால் மூடி 720 ஆக ஓட்டுவதை 3.5-ல் எல்லோரும் செய்கிறார்கள். இரண்டின் காந்தப் பூச்சும் நெருங்கிய வகை என்பதால் ஓடும், ஆனால் நம்பி வைக்க வேண்டாம். 5.25-ல் இந்த வித்தை சுத்தமாகப் பலிக்காது. 1.2 டிஸ்க்கின் பூச்சுக்கு 360-ஐப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு காந்த வலிமை வேண்டும்.

பிபிசி மைக்ரோவுக்கு வருவோம். 1984-ல் தொடங்கிய கிளாஸ் திட்டத்தில் இந்தியப் பள்ளிகளுக்கு வந்த கம்ப்யூட்டர் இதுதான் என்பதால் நம் ஊரிலும் இன்னும் தட்டுப்படுகிறது. "ஸ்டார் கேட்" அடித்தால் பட்டியல் அழகாக வருகிறது, கோப்பை ஏற்றினால் "டிஸ்க் ஃபால்ட் 18" என்று வருகிறதா? டிஸ்க்கில் குறையே இல்லை. 18 என்றால் தேடிய செக்டர் (டிராக்கின் ஒரு துண்டு) கிடைக்கவில்லை என்று பொருள். 40 டிராக் டிஸ்க்கை 80 டிராக் டிரைவில் போட்டிருக்கிறீர்கள். பட்டியல் இருக்கிற பூஜ்யம் டிராக் இரண்டுக்கும் ஒரே இடம், அதனால் அது மட்டும் படிக்கிறது. டிரைவ் பெட்டியில் 40/80 ஸ்விட்ச் இருந்தால் தட்டுங்கள், சரியாகிவிடும். அதுவே "ஃபால்ட் 0ஈ" என்றால் செக்டர் கிடைத்தது, உள்ளே இருக்கிற தகவல் கூட்டிப் பார்த்தால் ஒத்துவரவில்லை. அதற்கு மேலே சொன்ன பட்ஸ் வைத்தியம். "14" என்றால் பூஜ்யம் டிராக்கையே காணோம்: ஒளி சென்சாரில் தூசி, அல்லது தண்டவாளம் இறுகியிருக்கிறது.

ஜிப் டிரைவ்: "டக்... டக்... டக்..."

1995-ல் 100 எம்பி ஜிப் வந்தபோது 1.44-ல் மல்லுக்கட்டிக் கொண்டிருந்த அச்சுத் தொழிலுக்கு அது வரப்பிரசாதம். பழைய விழா மலர்களின் பேஜ்மேக்கர் (பக்க வடிவமைப்பு மென்பொருள்) கோப்புகளை ஜிப்பில் தேட வேண்டியிருப்பது அதனால்தான்.

டிஸ்க் போட்டதும் ஒன்றிரண்டு "டக்" கேட்பது இயல்பு. சீராக, கடிகாரம் மாதிரி தொடர்ந்து தட்டினால் ஹெட் வெளியே வந்து வந்து உள்ளே போகிறது, தடத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை. எஜெக்ட் அழுத்துங்கள். வராவிட்டால் கரண்டை எடுத்துவிட்டு, டிரைவின் பின்பக்கத்துச் சின்ன ஓட்டையில் நிமிர்த்திய ஜெம் கிளிப்பை நேராக அழுத்துங்கள், டிஸ்க் முன்னே தள்ளிக்கொண்டு வரும். அந்த டிஸ்க்கை வேறு டிரைவில் போட்டுப் பார்க்கவே கூடாது. ஜிப்பின் ஹெட் மிகச் சின்னது, வட்டின் ஓரத்தின் வழியாகத்தான் ஏறும். ஓரம் கிழிந்திருந்தால் ஏறும்போதே ஹெட் பிய்ந்துவிடும். பிய்ந்த ஹெட் அடுத்த டிஸ்க்கின் ஓரத்தைக் கிழிக்கும். அது மூன்றாவது டிரைவைக் கொல்லும். ஷட்டரைத் திறந்து வட்டைச் சுழற்றி ஓரத்தைப் பாருங்கள்: முடி அளவு பிசிறு இருந்தாலும் அந்த டிஸ்க்கைத் தனியாக எடுத்து வையுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. ஃப்ளாப்பியைக் காந்தத்தால் அழித்து மறுபடி ஃபார்மேட் செய்யலாம் என்றோம். ஜிப்புக்கு அது மரண தண்டனை. ஹெட்டுக்கு வழிகாட்டும் குறிகளைத் தொழிற்சாலையிலேயே பதிந்து அனுப்புகிறார்கள், அதை எழுத உங்கள் டிரைவால் முடியாது.

சத்தமில்லை, ஆனால் கம்ப்யூட்டருக்கு டிரைவே தெரியவில்லை என்றால், முதலில் அது பேரலல் (பிரிண்டர் போர்ட்டில் மாட்டும்) வகையா, தனி ஸ்கஸி போர்ட்டில் மாட்டும் வகையா என்று பாருங்கள். இரண்டிலும் அதே 25 பின் கன்னெக்டர். ஐடி 5, 6 என்று ஸ்விட்சும் டெர்மினேஷன் ஸ்விட்சும் இருந்தால் ஸ்கஸி. அதைப் பிரிண்டர் போர்ட்டில் மாட்டினால் இரண்டில் ஒன்று கெடலாம். பேரலல் வகை என்றால் பயாஸில் போர்ட்டை ஈபிபி என்ற வேகமான நிலைக்கு மாற்றிப் பாருங்கள், வரவில்லை என்றால் மெதுவான சாதாரண நிலைக்கு. டாஸில் ஜிப்பை இயக்கும் கெஸ்ட் நிரலும் அதன் துணைக் கோப்புகளும் ஒரே கோப்புறையில் இருக்க வேண்டும். 8088 எக்ஸ்டி மிஷினுக்கு பாம்ஜிப் என்ற டிரைவர் மென்பொருள் உண்டு. லினக்ஸில் பழைய ஜிப்புக்கு பிபிஏ, ஜிப் பிளஸ்ஸுக்கும் பிந்தையவற்றுக்கும் ஐஎம்எம்.

கேபிளைச் செருகுவதும் பிடுங்குவதும் இரண்டு பக்கமும் ஆஃப் ஆன பிறகே. வீட்டில் எர்த் இல்லாத பிளக்கில் ஓடுகிற கேபினெட்டைத் தொட்டால் கை சுருசுருவென்று இழுக்குமே, அந்த வோல்ட்டேஜ் முழுவதும் கேபிள் தொட்ட கணத்தில் போர்ட் சிப் வழியாகத்தான் ஓடும்.

டிரைவ் தெரிகிறது, விண்டோஸ் "ஃபார்மேட் செய்யட்டுமா" என்று கேட்கிறதா? வேண்டாம் என்று சொல்லுங்கள். டிடிபி கடை டிஸ்க் மேக் வடிவத்தில் இருக்க வாய்ப்பு அதிகம், லினக்ஸில் எச்எஃப்எஸ் ஆகத் திறந்து பாருங்கள். லினக்ஸில் முதல் பார்ட்டிஷனைத் தேடி "காலி" என்று முடிவு கட்டுவதும் வழக்கம். பிசிக்காக ஃபார்மேட் செய்து வந்த ஜிப்பில் தகவல் இருப்பது நாலாவது பார்ட்டிஷனில்.

கோடெக் போட்டும் ஓடவில்லை

ஃப்ளாப்பிக்குப் பதில் பென் டிரைவ் மாட்டுகிற கோடெக் பெட்டியில் ஃப்ளாஷ்ஃப்ளாப்பி மென்பொருளை ஏற்றிவிடுவது நல்லது. கூட வருகிற மென்பொருள் பென் டிரைவைத் துண்டு துண்டாக வெட்டி எண் போட்டு வைக்கும், எதையும் தேட முடியாது. ஓடவில்லை என்றால் பெரும்பாலும் ஜம்பர்தான். முறுக்குக் கேபிள் பிசிக்கு எஸ்1, ஜேசி என்று குறித்த இரண்டு ஜம்பரும். நேர் கேபிள் மிஷினில் முதல் டிரைவாக வேண்டுமானால் எஸ்0 மட்டும். பென் டிரைவ் ஃபேட்32 ஆக இருக்கட்டும். 1.44 இமேஜ் சரியாக 14,74,560 பைட், 720 என்றால் 7,37,280. ஒரு பைட் கூடக் குறைய இருந்தாலும் இமேஜ் எடுத்த விதத்தில் கோளாறு.

"கோப்பு திறக்குது, ஆனா எழுத்தெல்லாம் குப்பை"

இதற்கு டிரைவைக் கழற்றாதீர்கள். குப்பையை உற்றுப் பாருங்கள். சொற்களுக்கு நடுவே இடைவெளி ஒழுங்காக இருக்கிறதா, பத்தி பிரிந்திருக்கிறதா, நடுவில் வருகிற எண்களும் தேதியும் சரியாக இருக்கிறதா? அப்படியானால் டிஸ்க் முழுசாகப் படித்துவிட்டது. யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துரு அது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் டாம், டாப் என்று குறியேற்றங்களைத் தரப்படுத்தினார்கள். அதற்கு முன்பு எழுத்துரு செய்தவர் ஒவ்வொருவரும் தம் இஷ்டத்துக்கு ஒரு வரிசை வைத்திருந்தார்கள், டிஸ்கி என்ற குறியேற்றம் தனி. என்எச்எம் கன்வர்ட்டரில் ஒரு பத்தியை ஒட்டி ஒவ்வொரு குறியேற்றமாக மாற்றிப் பாருங்கள், ஏதோ ஒன்றில் தமிழ் முகம் காட்டும். எதிலும் வராவிட்டால் அதே பெட்டியில் இருக்கிற மற்ற டிஸ்க்குகளில் டிடிஎஃப் கோப்பைத் தேடுங்கள். வேறு கடைக்கு அனுப்பும்போது எழுத்துருவையும் கூடவே ஏற்றி அனுப்புவது டிடிபிகாரர்கள் வழக்கம்.

நல்ல வரிகளுக்கு நடுவே திடீரென்று ஒரே குறி நூற்றுக்கணக்கில் வரிசை கட்டி நின்றால் அது வேறு. டாஸ் திரையில் வகுத்தல் குறியாக வந்தால், அந்த 512 பைட் செக்டரில் ஃபார்மேட் செய்தபோது நிரப்பிய எஃப்6 என்ற பைட் மட்டும்தான் இருக்கிறது. கோப்பின் அந்தத் துண்டு அங்கே எழுதப்படவே இல்லை, அல்லது யாரோ பிறகு ஃபார்மேட் செய்திருக்கிறார்கள். எத்தனை முறை படித்தாலும் அதே குறிதான் வரும். அதே கோப்பின் பழைய நகல் வேறு டிஸ்க்கில் இருக்கிறதா என்று தேடுங்கள்.